ஏற்காட்டுக் காற்று குடல் புண்ணை ஆற்றாது

"எல்லாம் மனசுதான். டென்ஷனைக் குறைங்க. ஏற்காட்டுல நாலு நாள் இருந்துட்டு வாங்க, வயிறு தானா சரியாகிடும்." மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கோடு அல்லாடும் சேலத்துக்காரர்களுக்கு உறவினர்கள் சொல்லும் அறிவுரை இது, சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனாலும் தவறு, பலருக்கு ஆபத்து.

காற்றுதான் மருந்து என்றால், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலேயே பிறந்து வளரும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும், காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கும் வயிற்று நோயே வரக்கூடாது. அவர்களுக்கும் வருகிறது.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இப்படித்தான் நம்பியது. இரைப்பைப் புண்ணும் பெருங்குடல் புண்ணும் மனப்போராட்டத்தின் விளைவு என்று 1950-களில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் போன்ற உளப்பகுப்பாய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பைப் புண்ணுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருப்பதைக் காட்டி, 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பெருங்குடல் புண் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே குடலின் உட்சுவரைத் தாக்குகிறது என்பது இன்று தெளிவு.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும், குடலின் நாட்பட்ட அழற்சியான குரோன் நோயும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்குக் காசநோய் மருந்து வேண்டும். மற்றொன்றுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டும். இரண்டாவதை மாற்றிக் கொடுத்தால் காசநோய் முற்றும். நிபுணர்களே திணறும் இடத்தில், சோதனையே செய்யாமல் "மனசு" என்று தீர்ப்பு எழுத யாருக்கு உரிமை?

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்போ மனசுதானே?" என்பார்கள். அதுவும் இல்லை. 2000-ல் கனடாவின் வாக்கர்டன் ஊரில் குடிநீரில் கிருமி கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவர்களில் பலருக்கு எட்டு ஆண்டுகள் கழித்தும் ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் நீடித்தது. தொடக்கம் தண்ணீரில். கிருமி போன பிறகும் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மனத்துக்கும் குடலுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடர்பு உண்டு, அது இருவழிப் பாதை. கவலை குடலைக் கலக்கும். குடல் நோய் கவலையைப் பெற்றெடுக்கும். ஊரார் பார்ப்பது முதல் பாதியை மட்டுமே.

மறு பாதியைப் பாருங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து தடவை போகிறவர் அந்தப் பஸ்ஸில் எப்படி ஏறுவார்? முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்துகிறார், கல்யாணத்துக்குப் போவதில்லை, வேலையை விடுகிறார், பிறகு மனம் உடைகிறார். "பார், பயந்த சுபாவம், அதனால்தான் வயிறு கெட்டது" என்கிறோம். விளைவைக் காரணமாக்கிவிட்டோம். பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோபி சோதனைக்காகப் பேதி மருந்து குடித்துவிட்டு அதே வளைவுகளில் இறங்க வேண்டிய மலைவாசி சோதனையைத் தள்ளிப்போட்டால், அதற்குப் பெயர் அலட்சியமா?

மன வைத்தியம் தேவைப்படுகிறவர்களுக்கு அது முழு மதிப்போடு கிடைக்க வேண்டும். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் ஐ.பி.எஸ். தொல்லையைக் குறைக்கிறது என்று 2023-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. மனச்சோர்வுக்கான அந்த மாத்திரை இங்கே குடல் நரம்புகளுக்காகத் தரப்படுகிறது. "பைத்தியத்துக்கு மாத்திரை" என்று கேலி பேசி அதை நிறுத்த வைக்காதீர்கள். மனம் தளர்ந்தால் டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. ஆனால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது வயிற்றைச் சோதிப்பதற்கு மாற்றாகாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், சோதனை கேளுங்கள். ஏற்காட்டுக்கு அப்புறம் போகலாம்.