பேராசிரியர்கள் பேசட்டும்

அரசியல் சண்டை சூடுபிடிக்கும்போது பேராசிரியர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாராளமாகப் பேசட்டும், பட்டத்தைக் காட்டாமல் ஆதாரத்தைக் காட்டிப் பேசட்டும். பிரான்சில் யூத ராணுவ அதிகாரி டிரேஃபஸ் உளவாளி என்று 1894இல் தண்டிக்கப்பட்டார், நாடே இரண்டுபட்டது. வழக்கில் ஆதாரமாக வைக்கப்பட்ட உளவுக் கடிதத்தை எழுதியவர் அவரே என்று காவல்துறை நிபுணர் பெர்தியோன் நிகழ்தகவுக் கணக்குப் போட்டு அடித்துச் சொன்னார். 1899 மறுவிசாரணையில் கணித மேதை ஹென்றி புவான்காரேயின் கடிதம் வாசிக்கப்பட்டது. உளவுக் கடிதத்தில் பெர்தியோன் ஒப்பிட்ட 26 இடங்களில் நான்கு மட்டுமே பொருந்தியிருக்க, நான்கில் நான்கும் பொருந்தியதுபோல் அவர் கணக்கிட்டதை அது அம்பலப்படுத்தியது. அப்படியும் ராணுவ நீதிமன்றம் டிரேஃபஸைக் குற்றவாளி என்றே சொன்னது. புவான்காரே விடவில்லை. 1904இல் இரு கணித அறிஞர்களோடு சேர்ந்து விரிவான அறிக்கை தந்தார். 1906இல் டிரேஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. தன் துறைக்கு வெளியே பேராசிரியரும் மற்றவர்களைப் போல ஒரு குடிமகன்தான்; அங்கே அவர் சொல்லுக்குத் தனி மரியாதை கேட்பது நியாயமில்லை. ஆனால் தன் துறையின் பெயரால் ஒரு பொய் அரங்கேறும்போது வாய்மூடி இருப்பதை நடுநிலை என்று சொல்ல முடியாது. அது பொய்க்குத் துணைபோவது.