கம்பெனி லேப்டாப்பின் பூட்டும் நமது கணக்கும்

ஏஜென்சி நடத்தும் நம்மவர்களுக்குச் சில கம்பெனிகள் தாங்களே லேப்டாப் கொடுத்துவிடுகின்றன. பில் போடுவது, இருப்புக் கணக்கு, ஸ்கீம், க்ளெய்ம் எல்லாம் அதில்தான். அந்த லேப்டாப்பின் டிஸ்க் முழுவதையும் கம்பெனி பூட்டி வைத்திருக்கும். விண்டோஸில் இந்தப் பூட்டுக்கு பிட்லாக்கர் என்று பெயர். "இதை எடுத்துவிட்டால் மிஷின் வேகமாக ஓடும் அண்ணாச்சி" என்று சர்வீஸுக்கு வரும் தம்பி சொல்வதும், "சரி, எடுத்துவிடு" என்று நாம் தலையாட்டுவதும் இப்போது சகஜமாகி வருகிறது. கம்பெனி கொடுத்த மிஷினில் இதைச் செய்யக் கூடாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

பூட்டு என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். இது புதிதாக வந்த சங்கதி அல்ல. 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. லேப்டாப்புக்கு நாம் போடும் பாஸ்வேர்டு வாசல் கதவு மாதிரி. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மிஷினில் மாட்டினால் அந்தப் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை. உள்ளே உள்ளதெல்லாம் அப்படியே படிக்கக் கிடைக்கும். பிட்லாக்கர் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றினாலும் ஒரு எழுத்து புரியாது. மதர்போர்டில் உள்ள ஒரு சிப் தினமும் தானாகத் திறந்துவிடுவதால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. மதர்போர்டை மாற்றினாலோ வேறு சில முக்கிய மாறுதல்கள் நடந்தாலோ திரை நீலமாகி 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் தொலைந்துபோனால் மைக்ரோசாஃப்ட் கம்பெனியாலும் அதைத் திரும்ப உண்டாக்கித் தர முடியாது.

சர்வீஸ்காரர்கள் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்கள் படுத்துவிட்டன. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். பிட்லாக்கர் போட்ட மிஷின்களைச் சரிசெய்யப் போனவர்களிடம் அந்த 48 இலக்கம் கேட்கப்பட்டது; எண்ணைத் தேடியே நேரம் போயிற்று. இதிலிருந்து சாவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று தெரிகிறதே தவிர, பூட்டே கூடாது என்று ஆகாது. கிட்டங்கிச் சாவி தொலைந்துவிடுமோ என்று யாரும் கிட்டங்கியைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை.

கம்பெனி மிஷினில் பூட்டை முறைப்படி எடுக்க அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். கம்பெனி அதை நமக்குத் தருவதில்லை. முறைப்படி எடுத்தால் டேட்டா அழியாது, ஆனால் சில மணி நேரம்கூடப் பிடிக்கலாம். அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் ஃபார்மட் செய்துவிட்டுப் போகிறவர். அன்று போட்டு இன்னும் கம்பெனிக்குப் போய்ச் சேராத பில்கள் அதோடு சரி. அப்படியே எடுத்துவிட்டாலும், கம்பெனியின் மேற்பார்வை மென்பொருள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இன்டர்நெட் கிடைத்ததும் மறுபடி பூட்டும். அல்லது பூட்டு இல்லை என்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். க்ளெய்ம் பாக்கி நிற்கும் நேரத்தில் இந்த வில்லங்கம் நமக்கு எதற்கு?

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கடைக்காரர்களின் செல் நம்பர், பாக்கித் தொகை, கடன் கொடுக்கும்போது வாங்கி வைத்த ஆதார், பான் நகல்கள். டெலிவரி வண்டியில் போகும் லேப்டாப் களவு போனால் அத்தனையும் கண்டவர் கைக்குப் போகும். தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அடுத்தவர் விவரத்தை நியாயமான பாதுகாப்போடு வைக்காதவருக்கு அபராதம் உண்டு என்கிறது அது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் வைரஸை இந்தப் பூட்டு தடுக்காது. அதற்குத் தனி ஏற்பாடும், வெளி டிஸ்க்கில் ஒரு நகலும் வேண்டும்.

இனி கம்பெனிகளைப் பற்றி. பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. ஆனால் உள்ளே கிடப்பது நமது விற்பனைக் கணக்கு. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை நாம் வைத்திருக்க வேண்டும். அதாவது ஆறு வருஷம். ஏஜென்சியை நிறுத்திவிட்டு மிஷினைத் திரும்ப வாங்கிக்கொண்டாலோ, அங்கிருந்தபடியே முடக்கிவிட்டாலோ, நாளைக்கு இலாகா அதிகாரி பில் கேட்டு வந்து நிற்பது நம் வாசலில்தான். கம்பெனியின் ஏரியா மேனேஜர் அதற்குள் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார். ஆகவே பாக்கிப் பேரேடு, சொந்தக் கொள்முதல், வங்கி விவரம் எதையும் கம்பெனி லேப்டாப்பில் வைக்காதீர்கள். கம்பெனி பில்களையும் மாதா மாதம் எக்செலிலோ காகிதத்திலோ நமது பக்கம் எடுத்து வையுங்கள். அவ்வாறு எடுக்க அனுமதி இல்லை என்று சொல்லும் கம்பெனியிடம் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

ஏஜென்சி முடிந்ததும் மிஷினை நமக்கே விலைக்குக் கொடுப்பதும் உண்டு. அப்போதுதான் பூட்டை எடுக்கும் பேச்சு நியாயமாக வருகிறது. அதைச் செய்ய வேண்டியவர்களும் அவர்களே. தங்கள் மேற்பார்வைப் பட்டியலிலிருந்து மிஷினை நீக்கி, நீக்கியதாகக் கடிதம் தர வேண்டும். இல்லாவிட்டால் ஃபார்மட் செய்த பிறகும் சில மிஷின்கள் பழைய கம்பெனியின் லாகினையே கேட்கும். செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த மிஷின் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றதால் பலர் புது மிஷின் வாங்கியிருக்கிறோம். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான மிஷின்களில் நம்மைக் கேட்காமலே பூட்டு விழுந்துவிடும். 48 இலக்கம் அந்தக் கணக்கில் போய் உட்காரும். கணக்கு யாருடையது? கடைப் பையன் பெயரிலா, வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளை பெயரிலா? இந்த வாரமே பார்த்து, எண்ணைக் காகிதத்தில் எடுத்து இரும்புப் பெட்டியில் வையுங்கள். லேப்டாப் பைக்குள் வேண்டாம்.

கம்பெனிகளிடம் நமது சங்கம் கேட்க வேண்டியது இது: ஏஜென்சி ஒப்பந்தத்திலேயே, நீலத் திரை வந்தால் யாருக்குப் போன் செய்வது, எத்தனை மணிக்குள் எண் கிடைக்கும் என்று எழுதித் தர வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து.