நாம் மறந்த மாலுமி

நம் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் பெரியோர்க்கு விழா எடுக்கிறது. வள்ளுவருக்கு ஒன்று, பாரதிக்கு ஒன்று, பாவேந்தருக்கு ஒன்று. எடுக்க வேண்டியவைதாம், குறை கூற வரவில்லை. ஆனால் கடல் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், நம் மேடைப் பேச்சாளர்கள் கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அலைகளிலேயே நீந்திக்கொண்டிருப்பார்கள். நம் காலத்துக் கடல் வீரர் ஒருவர், நாம் தங்கிப் படிக்கும் இந்த ஐதராபாத்திலேயே 2024ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் கண்மூடினார். நம்மில் எத்தனை பேர் அதை அறிந்தோம்? அறிந்தோரில் எத்தனை பேர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினோம்?

அவர் அட்மிரல் இலட்சுமிநாராயண் இராமதாஸ். 1990 நவம்பர் முதல் 1993 செப்டம்பர் வரை இந்தியக் கடற்படையின் தலைவராக இருந்தவர். மறைந்தபோது வயது 90. பிறந்தது பம்பாயில், தமிழர் மிகுந்த மாட்டுங்காவில், 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள். இளமையிலேயே படைப்பள்ளியில் சேர்ந்து, ஏறத்தாழ 20 வயதில் அதிகாரியானார். நாற்பது ஆண்டுகள் கடற்படையே வாழ்வு.

"மாட்டுங்காவில் பிறந்து, தில்லியில் படித்து, உலகெல்லாம் சுற்றியவருக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று ஒரு நண்பர் கேட்டார். உறவு தேட விரும்பினால் செகந்திராபாத்துக்குப் போகவேண்டும். அங்கே 1862இல் சோமசுந்தர முதலியார் என்ற தமிழர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று மகபூப் கல்லூரி என்று வழங்குவது அதுதான். 1893இல் விவேகானந்தர் பேசிய இடம். அந்தப் பள்ளியில் படித்த ஒரு மாணவர், செங்கற்பட்டில் பிறந்த இராம்தாஸ் கட்டாரி. மாலுமிப் பயிற்சிக்கென 1927இல் தொடங்கிய டஃபரின் கப்பலில் முதல் அணியில் சேர்ந்த அவரே, 1958 ஏப்ரலில் கடற்படைத் தலைமையை வெள்ளையரிடமிருந்து ஏற்ற முதல் இந்தியர். விடுதலை பெற்றுப் பத்தாண்டு கழிந்த பிறகும் நம் கடற்படைக்கு ஆங்கிலேயரே தலைவராக இருந்தார் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். விக்ராந்த் கப்பல் நமக்கு வந்ததும், கோவா விடுதலையில் கடற்படை பங்கு கொண்டதும் கட்டாரியின் காலத்தில், 1961இல். அவரும் 1983இல் செகந்திராபாத்திலேயே மறைந்தார். அவருடைய மகள் லலிதாவை மணந்தவர்தாம் நம் இராமதாஸ். மாமனாரும் மருமகனும் ஒரே படையின் தலைவர்கள். இருவர் வாழ்வும் முடிந்தது இந்த இரட்டை நகரில். கட்டாரி தமிழரா தெலுங்கரா என்று விசாரணை நடத்த விரும்புவோர் நடத்திக்கொள்ளட்டும். எனக்கு அதில் சுவை இல்லை.

1971ஆம் ஆண்டுப் போரில் இராமதாஸ் 'பியாஸ்' என்ற போர்க்கப்பலின் தலைவர். விக்ராந்தோடு சென்ற கிழக்குக் கடற்படை அணியில் அது ஒன்று. சிட்டகாங், காக்ஸ் பசார் ஆகிய துறைமுகங்களை அந்த அணி அடைத்து நின்றது. தரையில் தோற்றுவந்த பாகிஸ்தான் படைக்குக் கடல் வழியும் இல்லாமற் போயிற்று. டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி சரணடைந்தோர் ஏறத்தாழ 93,000 பேர். கடலை அடைத்தவர்களுக்கு அந்த வெற்றியில் உள்ள பங்கை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இராமதாசுக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது.

அவர் தலைவராக இருந்த 1992ஆம் ஆண்டில், மருத்துவப் பணி நீங்கலாக வேறு பிரிவுகளுக்கும் பெண்கள் முதன்முதலாகக் கடற்படை அதிகாரிகளாக எடுக்கப்பட்டார்கள். சில பிரிவுகள் மட்டும், அதுவும் குறுகிய காலப் பணி. கதவு முழுதும் திறக்கவில்லை, ஆனால் திறந்தது. ஆறு பெண் அதிகாரிகள் 'தாரிணி' என்ற பாய்மரக் கப்பலில் 2017இல் புறப்பட்டு 2018இல் உலகைச் சுற்றி வந்ததையும், நிரந்தரப் பணி உரிமையை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததையும் நம் மாணவியர் அறிவர். அந்தக் கதை தொடங்கிய இடத்தையும் அவர்கள் அறிந்திருக்கட்டும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இராமதாஸ் எல்லாருக்கும் நல்லவராக இருந்திருப்பார். அவர் நிற்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பாகிஸ்தான் மக்களோடு கைகோத்து அமைதி பேசப் புறப்பட்டார். இரு நாட்டு மக்களும் சேர்ந்து அமைத்த அமைதி மன்றத்தில் முன்னின்றார். 1998இல் இரு நாடுகளும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது, வெளிப்படையாக எதிர்த்தார். 2004இல், பாகிஸ்தானின் பத்திரிகையாளர் இப்னு அப்துர் ரகுமானோடு சேர்த்து, அமைதிக்கான மகசேசே விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவருடைய மகள்களில் ஒருவர் மணந்ததும் பாகிஸ்தானியர் ஒருவரையே. வீட்டுக்குள் ஒன்றும் வெளியே வேறொன்றும் பேசியவர் அல்லர் அவர்.

போர்வீரன் இப்படிச் செய்யலாமா என்று கேட்போர் அன்றும் இருந்தார்கள், இன்றும் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். ஒரு நண்பர் சாப்பாட்டு அறையில் மேசையைத் தட்டியே கேட்டார். நான் அவருக்குச் சொன்னது இதுதான்: நீயும் நானும் போரைச் செய்தித்தாளில் படித்தவர்கள். அவர் கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்தவர். வெற்றி பெற்ற பக்கத்தில், பதக்கம் பெற்ற நிலையில் இருந்துகொண்டு இனிப் போர் வேண்டாம் என்று சொன்னவரை, கோழை என்று எப்படிச் சொல்வது? நாட்டுப்பற்று இல்லாதவர் என்று யார் சொல்வது? அணுகுண்டு பற்றிய அவர் முடிவை நான் முழுதும் ஏற்றவனல்லன். சீனத்தின் கையிலும் அது இருக்கிறதே என்ற கேள்வி எனக்கு ஓயவில்லை. ஆனால் ஏற்பது வேறு, மதிப்பது வேறு.

அமைதி என்பது எங்கோ வடக்கே பேசும் பேச்சு என்று தமிழ் மாணவர் எண்ணுவாராயின், மீனவரை நினைத்துப் பார்க்கட்டும். குசராத்து மீனவர் எல்லை தாண்டியதாகப் பாகிஸ்தான் பிடிக்கிறது. அவர்கள் மீனவரை நாம் பிடிக்கிறோம். படகும் போகும், ஆளும் போவான். வீட்டில் உலை ஏறாது. அவர்களை விடுவிக்கக் கோரி இரு கரையிலும் குரல் கொடுத்த அமைப்புகளில் அந்த மக்கள் மன்றமும் ஒன்று. இதே துன்பம் இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் இல்லையா? 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வரைபடத்தில் கோடு கிழித்தன. வலை வீசுகிறவன் கண்ணுக்கு அந்தக் கோடு தெரிவதில்லை. இலங்கைச் சிறையில் நம் மீனவர் அடைபடும்போது கொதிக்கிற நாம், கராச்சிச் சிறையில் இருக்கும் குசராத்து மீனவனைப் பற்றிக் கேட்டதுண்டா?

அவருடைய போர்ப்பணிக்காக அரசு அளித்த நிலத்தில், மராட்டிய மாநிலத்து அலிபாக் அருகே ஒரு சிற்றூரில், கணவனும் மனைவியும் உழவராக வாழ்ந்தார்கள். அந்த வட்டாரத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு நிலம் எடுக்க முனைந்தபோது உழவர் பக்கம் நின்றார்கள். லலிதா அம்மையாரும் தம் வழியில் பெரும்பணி செய்தவர். 1984இல் தில்லியில் சீக்கியர்மேல் நடந்த கொடுமைக்குப்பின் துயருற்றோரிடையே உழைத்தவர், கல்விப் பணியாளர். ஒருவர் புகழில் மற்றவர் குளிர்காயாத குடும்பம் அது. இடையில் ஆம் ஆத்மி கட்சியின் உட்கட்சி லோக்பாலாகவும் இராமதாஸ் இருந்தார், 2015இல் விலக்கப்பட்டார். கட்சிகளுக்கு அப்படிப்பட்டவர் நெடுநாள் ஒத்துவருவதில்லை போலும்.

செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் நாள் என்று மாலை நிகழ்ச்சி வைக்கிறோம். அவர் பிறந்த நாளும் அதுவே. அன்று ஒரு மணி நேரத்தைச் சங்கம் ஒதுக்கட்டும். படத்திறப்பு வேண்டாம், மாலையும் வேண்டாம். கடற்படையில் பணியாற்றி இந்நகரில் ஓய்ந்திருக்கும் ஒருவரை அழைத்துக் கடல் வாழ்வைப் பற்றிக் கேட்போம். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த நம் மாணவர்கள் தம் ஊரில் கண்டதைச் சொல்லட்டும். பிறகு அட்மிரலின் கருத்துகள்மேல் ஒரு பட்டிமன்றம். ஒட்டியும் பேசலாம், வெட்டியும் பேசலாம். பேச விரும்புவோர் செயலாளரிடம் பெயர் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அணுகுண்டுப் பகுதியில் எதிரணி.