மெடிக்கல் ஃபைலும் இல்ல, இன்சூரன்ஸ் கார்டும் இல்ல... மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியுமா?

டேனரி டிரம்மில் கை மாட்டி விரல் போனது 2016-ல். கட்டுப்போட்ட தனியார் ஆஸ்பத்திரியே இப்போது இல்லை. கம்பெனியில் வேலை பார்த்ததற்கு அடையாள அட்டை கிடையாது, மேஸ்திரி மூலமாகத்தான் சம்பளம். முதல்வர் காப்பீட்டு அட்டையும் எடுக்கவில்லை. இப்போது யாரோ ஒருவர், "உனக்கு மாசம் 1,500 ரூபாய் வரும்ல, ஏன் அப்ளை பண்ணல?" என்று கேட்கிறார். "எதை வச்சு அப்ளை பண்றது?" என்பதுதான் பதிலாக வருகிறது.

இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் என்று தோல் தொழில் நடக்கிற ஊர்களில் இப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. இவரால் விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

காப்பீட்டு அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை எடுப்பதற்கானது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த அட்டை கிடைக்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க அந்த அட்டை தேவை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. "கார்டு எடுத்துட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று புரோக்கரோ, விண்ணப்பம் போடும் கடைக்காரரோ சொன்னால், அது தவறான தகவல்.

சான்றிதழுக்கு அடிப்படை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை இந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. விண்ணப்பத்துக்கு அடிப்படையாகக் கேட்பது அடையாளம், முகவரிக்கான ஆவணம் (ஆதார் போதும்), புகைப்படம். பழைய மருத்துவ ஆவணம் கையில் இருந்தால் சேர்க்கலாம், அவ்வளவுதான். மத்திய அரசின் யுடிஐடி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போனிலேயே செய்யலாம், இல்லையென்றால் இ-சேவை மையம் இருக்கிறது.

டாக்டர் எதைப் பார்க்கிறார்?

மாற்றுத்திறனாளி சான்று என்பது உங்கள் பழைய நோய்க் கதைக்குத் தரும் சான்று கிடையாது. இன்றைக்கு உங்கள் உடம்பு எந்த அளவுக்கு இயங்குகிறது என்பதை அளந்து தருவது. கை மூட்டு எவ்வளவு மடங்குகிறது, பிடிமானம் எவ்வளவு, எந்த விரல் எந்த இடத்தில் போயிருக்கிறது என்று எலும்பு சிகிச்சை நிபுணர் நேரடியாகப் பார்த்து சதவீதம் போடுவார். காது கேட்கவில்லை என்றால் ஆடியோகிராம், பார்வை என்றால் கண் பரிசோதனை. எல்லாமே அன்றைய நிலையை வைத்துத்தான். பத்து வருடத்துக்கு முன்னால் யார் கட்டுப்போட்டார் என்ற சீட்டு இல்லாததால் போன விரல் திரும்பி வந்துவிடப் போவதில்லை.

தொழுநோயிலிருந்து குணமானவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் பக்கம் காரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955-ல் தொடங்கியது. அங்கே பல பத்தாண்டுகளுக்கு முன்பு சிகிச்சை முடித்துப் போனவரிடம் 'சமீபத்திய ரெக்கார்டு' எப்படி இருக்கும்? நோய் போய்விட்டது, மடங்கிய விரலும் உணர்ச்சியில்லாத பாதமும் மட்டும் இருக்கின்றன. 'தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்' என்பதையே அந்த 21 வகையில் ஒன்றாகச் சட்டம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆனால் எல்லா வகைக்கும் இது பொருந்தாது. மனநோய், நாள்பட்ட நரம்புக் கோளாறுகள், ஹீமோபிலியா, தலசீமியா போன்ற ரத்தக் கோளாறுகளை ஒரே நாளில் பார்த்து முடிவு செய்ய முடியாது. எவ்வளவு நாளாக இருக்கிறது, என்ன மாத்திரை, என்ன ரிப்போர்ட் என்று டாக்டர் கேட்பார். இந்த வகையினர் இன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு சிகிச்சையைத் தொடங்குவது நல்லது. அந்த சீட்டிலிருந்து புது ரெக்கார்டு உருவாக ஆரம்பித்துவிடும். நீரிழிவால் கால் எடுத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்றால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுத்த சுகாதாரப் பணியாளரைக் கேளுங்கள். அவர்கள் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டிலும் இதே பிரச்சினை உண்டு. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், விண்ணப்பதாரரிடம் போதுமான மருத்துவ ஆவணம் இல்லையென்றால் தன் செலவிலேயே ஒரு டாக்டரிடம் அனுப்பிப் பரிசோதிக்கிறது. நம்ம ஊரில் அந்த வேலையை அரசு மருத்துவமனை செய்கிறது. இந்த விஷயத்தில் நம்ம முறை எளிது. சிக்கல் வருவது அலைச்சலில்தான்.

பழைய ஃபைலைத் தேடணுமா?

தேடலாம், ஆனால் அது கிடைத்தால்தான் விண்ணப்பம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகள், உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று வருடம் தாண்டினால், "எங்ககிட்ட இல்ல" என்று மருத்துவமனை சொல்வதில் விதிமீறல் எதுவும் இல்லாமல் போகலாம். அரசு மருத்துவமனையில் விபத்துக்காகப் போயிருந்தால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவு இருக்கும். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

எங்கே போகணும்?

ராணிப்பேட்டை மாவட்டம் 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்தது. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருப்பது வாலாஜாபேட்டையில்தான், அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு வேலூர் வரை போகிற செலவு மிச்சம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இயங்குகிறது. தனியார் மருத்துவமனை, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், தரும் கடிதம் ஆதாரமாக உதவும். சான்றிதழ் மட்டும் அரசு அறிவித்த மருத்துவ அதிகாரியிடமிருந்தே வர வேண்டும். 2025 ஆகஸ்ட் 2-ல் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களில் மாற்றுத்திறனாளி சான்றும் வழங்கப்பட்டது. இதுபோன்ற முகாம் உங்கள் பகுதியில் நடந்தால் ஒரே இடத்தில் வேலை முடியும்.

சான்றிதழ் தர முன்பு ஒரு மாத அவகாசம் இருந்தது. 2024 அக்டோபரில் விதியைத் திருத்தி அதை மூன்று மாதமாக்கிவிட்டார்கள். கூலி வேலை செய்கிறவருக்கு இரண்டு மாதம் கூடுதல் என்பது சின்ன விஷயமில்லை. சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் சட்டத்தின் 59-வது பிரிவில் வழி இருக்கிறது. "இல்லப்பா, போ" என்று வாயால் சொல்வது மறுப்பு ஆகாது.

எவ்வளவு கிடைக்கும்?

40 சதவீதம் என்பதுதான் கோடு. அதற்குக் கீழே இருந்தாலும் சான்று தருவார்கள், ஆனால் பெரும்பாலான சலுகைகள் 40-லிருந்துதான் தொடங்குகின்றன. வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்ற பிரிவினருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை தனி, அது 2,000 ரூபாய். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை.

மத்திய அரசின் பங்கையும் சொல்லிவிடலாம்: வறுமைக்கோட்டுக்குக் கீழே, 80 சதவீதப் பாதிப்பு இருந்தால் மாதம் 300 ரூபாய். ஆம், முந்நூறுதான்.

விரல் போனவருக்கு வேறொரு கதவு

டேனரி, ஷூ கம்பெனி தொழிலாளர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். ஒரு விரல், இரண்டு விரல் இழந்தால் 40 சதவீதத்தைத் தொடுவது கஷ்டம், அதனால் ஓய்வூதியம் கிடைக்காமல் போகலாம். ஆனால் வேலை நேரத்தில் நடந்த விபத்துக்கான இழப்பீட்டுக்கு 40 சதவீதக் கோடு கிடையாது.

1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், முழு ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் வருவாய் இழப்பு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கணக்கு இப்படிப் போகும்: மாதச் சம்பளம் 12,000, வயது 40. சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. அதை 40 வயதுக்கான காரணி 184.17-ஆல் பெருக்கினால் 13,26,024. கட்டைவிரல் என்றால் அதில் 30 சதவீதம், சுமார் 3.97 லட்சம் ரூபாய். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு, கையில் ஐந்தாயிரம், பத்தாயிரம் கொடுத்து அனுப்பினால் எவ்வளவு போகிறது என்று நீங்களே பாருங்கள்.

குரோமியத்தாலும் அதன் நச்சு சேர்மங்களாலும் வரும் நோய்களும் இந்தச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உண்டு. தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு குரோமியம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. நீங்கள் இ.எஸ்.ஐ.-யில் இருந்தால் (சம்பளம் 21,000 வரை, மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை) இழப்பீடு அங்கிருந்து வரும், முதலாளியிடம் தனியாகக் கேட்க முடியாது. வேலை விபத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இ.எஸ்.ஐ.-யில் இல்லை, சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. நிரந்தர ஊனம் என்றால் மெடிக்கல் போர்டு பார்த்து மாதாமாதம் தொகை நிர்ணயிக்கும்.

இ.எஸ்.ஐ. பிடித்தமே இல்லை, பெயரே பதிவில் இல்லை என்றால்?

பெரிய விபத்து செய்தியாகும், எஃப்.ஐ.ஆர். ஆகும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தது நாடு முழுக்கத் தெரியும். ஒரு விரல் நசுங்கினால் அப்படி எதுவும் நடக்காது. அதனால் ஆதாரத்தை நீங்களேதான் சேர்க்க வேண்டும். பாஸ்புக்கில் சம்பளம் ஏறிய வரிகள், மேஸ்திரி ஜிபே-யில் அனுப்பிய பணம், வாட்ஸ்அப்பில் "நாளைக்கு நைட் ஷிஃப்ட் வா" என்று வந்த மெசேஜ், கேட் பாஸ், கூட வேலை பார்த்த இரண்டு பேரின் சாட்சி, எல்லாமே உதவும். பழைய சட்டப்படி விபத்து நடந்து 2 வருடத்துக்குள் கேட்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் ஆணையருக்கு உண்டு. மேலே சொன்ன 2016 விபத்துக்காரருக்கு இந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. போன வருடம் அடிபட்டவருக்குத் திறந்தே இருக்கிறது.

வக்கீலுக்குக் காசு இல்லை என்று விட்டுவிட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு அரசின் தனி நலவாரியமும் இருக்கிறது. அதில் பதிவு செய்திருந்தால் விபத்து ஊனத்துக்கு உதவித்தொகை கேட்கலாம். பதிவு செய்யாதவர்கள் அடிபடுவதற்கு முன்னாலேயே செய்துகொள்வது நல்லது.

கடைசியாக ஒரு சின்னச் சிக்கல். வருடக்கணக்கில் கெமிக்கலில் கை வைத்தவர்களுக்கு ரேகை தேய்ந்து, ஆதார் மெஷினில் விரல் பதியாது. "ரேகை விழல, அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்பினால், கருவிழி மூலம் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அந்த வசதி ஆதாரில் இருக்கிறது. விண்ணப்பம் போட்டதும் வரும் பதிவு எண்ணை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 திருத்தத்தின்படி, இரண்டு வருடத்துக்குள் முடிவாகாத விண்ணப்பம் காலாவதியாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.