லென்ஸ் உறைக்கும் எடைக் கணக்கு உண்டு

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலைகள் வரிசைகட்டின. பொருளைச் செய்வதைப் போலவே, அடிபடாமல் கொண்டுசேர்ப்பதும் இங்கே ஒரு தொழில்நுட்பமாக வளர்ந்தது. ஒரு முகப்பு விளக்கை யாரும் பெட்டிக்குள் போட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்சு திணித்து அனுப்புவதில்லை. அதன் வடிவத்துக்கு வெட்டிய குழியில், அசையாமல், பக்கத்து விளக்கைத் தொடாமல் அது உட்கார்ந்து போகிறது. அதே சாலைகளில் கல்யாணப் படம் எடுக்கும் இளைஞர்கள் இரு லென்ஸ், மூன்று லென்ஸ் என்று முதுகுப்பையில் சுமந்து பைக்கில் போகிறார்கள். பல நேரங்களில் அந்த பைக்கைவிட உள்ளே இருக்கும் ஒரு லென்ஸின் விலை அதிகம். ஆனால், அதற்கான உறையைக் கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, 'நல்ல தடிமனாக இருக்கிறது' என்று வாங்கிவிடுகிறோம். தடிமனை மட்டும் பார்ப்பது தவறு. லென்ஸின் எடைக்கும் அளவுக்கும் உறை பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

காரணம் எளிய இயற்பியல். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் லென்ஸ் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 16 கி.மீ. வேகத்தில் இருக்கிறது. அந்த வேகம் 2 மி.மீ. தூரத்துக்குள் அடங்கினால், லென்ஸ் மீது சராசரியாக அதன் எடையைப் போல் 500 மடங்கு விசை பாய்கிறது, 2 செ.மீ. தூரத்தில் அடங்கினால் 50 மடங்குதான். ஆகவே, நுரையின் வேலை நசுங்குவது. சரியான அளவுக்கு நசுங்க வேண்டும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. சாதாரண 50 மி.மீ. லென்ஸ் ஒன்று 160 கிராம் இருக்கும். 70-200 ஜூம் லென்ஸ் ஒன்றரைக் கிலோவைத் தொடும். சின்ன லென்ஸுக்கு ஏற்ற மென்மையான நுரை பெரிய லென்ஸின் கீழ் முழுதாகச் சப்பையாகிவிடும். அதன்பின் நுரை இருந்தும் பயனில்லை. பெரியதற்கு ஏற்ற கெட்டியான நுரையோ சின்ன லென்ஸின் எடைக்கு நசுங்கவே நசுங்காது. கிட்டத்தட்ட மரப்பலகையில் விழுந்த மாதிரிதான். பொதி வடிவமைப்பாளர்கள் எடை, பரப்பு, விழும் உயரம் மூன்றையும் வைத்துத்தான் நுரையைத் தேர்கிறார்கள். தடிமன் அதற்குப் பிறகு வரும் கணக்கு.

பையிலேயே தடுப்புகள் இருக்கின்றனவே, தனி உறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தடுப்புக்குள் லென்ஸ் இறுக்கமாக நின்று, அடியிலும் போதிய நுரை இருந்தால் தனி உறை தேவையில்லைதான். முகூர்த்த நேரத்தில் உறையைப் பிரித்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை என்பதும் உண்மை. ஆனால், பையைக் குலுக்கினால் சத்தம் கேட்கிறது என்றால் அந்த இடைவெளியை உறைதான் நிரப்ப வேண்டும். கனமான லென்ஸை கேமராவில் பூட்டியபடியே பைக்குள் வைப்பது இன்னும் மோசம். குலுங்கும் எடை முழுவதும் மவுண்ட் வளையத்தில்தான் விழுகிறது. பையை வண்டியின் பின்னால் கட்டுவதைவிட முதுகில் மாட்டுவது நல்லது. சாலையின் அதிர்வில் ஒரு பங்கை உடம்பே வாங்கிக்கொள்கிறது.

நம் ஊரில் விழுந்து உடைவதற்கு இணையான இன்னொரு எதிரி பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நீடிப்பது, இருட்டு, காற்றோட்டமின்மை, துணி இழையும் எண்ணெய்ப் பிசுக்கும்: லென்ஸில் பூஞ்சை வளரத் தோதான சூழல் என்று ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் சொல்வது இவற்றைத்தான். ஐப்பசி மழையில் நனைந்து வந்து, மூடிய உறைக்குள் லென்ஸை அப்படியே விட்டால் இவை அத்தனையும் ஒரே இடத்தில் அமைந்துவிடும். எவ்வளவு நல்ல உறையாக இருந்தாலும் அது வழிக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் லென்ஸ் வெளியே வந்தாக வேண்டும். ஈரம் பட்டால் கெடும் சில்லுகளை மின்னணு ஆலைகள் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பையில் வைக்கின்றன; ஈரத்தைக் காட்டும் நிற அட்டையும் உள்ளே இருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரமானி ஆகியவை இருந்தால் வீட்டிலும் இதைச் செய்யலாம். ஜெல் ஈரத்தை ஒரு கட்டம் வரைதான் உறிஞ்சும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும்.

இதெல்லாம் செலவு என்று சொல்லப்படும். உண்மையில் செலவைக் கூட்டுவது கண்மூடி வாங்குவதுதான். விலை உயர்ந்த உறையும் பொருந்தாவிட்டால் வீண். கடைகளில் தொங்கும் உறைகளில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மட்டும் போட்டிருக்கிறது. இத்தனை கிராம் முதல் இத்தனை கிராம் வரையுள்ள லென்ஸுக்கு, இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்று அச்சிடுவதில் தயாரிப்பாளர்களுக்கு என்ன தடை? ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கேட்கப் பழகிய வாடிக்கையாளர் இதையும் கேட்கலாம். ஆலைகளுக்காக நுரையை அளவெடுத்து வெட்டித் தரும் பட்டறைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. லென்ஸின் விட்டம், நீளம், எடை மூன்றையும் சொன்னால் பைக்குள் பொருந்தும் ஒரு நுரைத் தட்டை வெட்டித் தருவது அவர்களுக்குப் புதிய வித்தை அல்ல. ஸ்டுடியோக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அவர்களுக்கும் கட்டுப்படியாகும்.