மின்கம்பியில் இருந்த குருவிகள் எங்கே போயின?

வயலோரத்து மின்கம்பியைப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் அதில் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முதுகு கருநீலம். தொண்டை செம்பழுப்பு. வால் கத்தரிக்கோலைத் திறந்து வைத்தது போல் பிளந்திருக்கும். அதுதான் தகைவிலான் குருவி.

பங்குனி பிறந்ததும் வரிசை மெலியத் தொடங்கும். நாள் செல்லச் செல்ல, கம்பி வெறுங்கம்பியாகிவிடும்.

எங்கே போயின? யாராவது பிடித்துவிட்டார்களா? இல்லை. பிறந்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டன!

வழியனுப்பும் வரவேற்பும்

தகைவிலான் நம் ஊரில் கூடு கட்டுவதில்லை. இமயமலைப் பக்கத்திலும், அதற்கும் வடக்கேயுள்ள நாடுகளிலும்தான் குஞ்சு பொரிக்கிறது. குளிர் காலத்தில் அங்கே பறக்கும் பூச்சிகள் கிடைக்காது. பூச்சி இல்லையென்றால் இந்தக் குருவிக்குச் சாப்பாடு இல்லை. ஆகவே தெற்கே வருகிறது.

வசந்தம் வந்ததும் திரும்புகிறது. அப்போது வடக்கே பகல் நீளும். பூச்சிகள் பெருகும். குஞ்சுகளுக்கு இரை ஊட்ட நிறைய நேரம் கிடைக்கும்.

இதன் எடை சுமார் 20 கிராம். அதாவது, ஐந்து ஒரு ரூபாய் நாணயங்களின் எடைதான்! இந்தச் சிறிய உடம்பை வைத்துக்கொண்டு மலைகளையும் பாலைவனங்களையும் கடக்கிறது.

நாம் வழியனுப்புகிறோம். வடக்கே உள்ளவர்கள் வரவேற்கிறார்கள்.

ஒரு குடும்பத்தின் நோட்டு

இதே இனக் குருவி இங்கிலாந்திலும் உண்டு. அங்கே இருப்பவை ஆப்பிரிக்காவின் தென் பகுதியில் குளிர் காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் திரும்புகின்றன. முதல் குருவியைப் பார்த்தவர் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி மகிழ்வார்.

ராபர்ட் மார்ஷம் என்ற நிலச்சொந்தக்காரர் இன்னொன்றும் செய்தார். 1736-ம் ஆண்டு முதல் தேதிகளைக் குறித்து வைத்தார். முதல் தகைவிலான் வந்தது என்றைக்கு? குயில் கூவியது என்றைக்கு? மரம் துளிர்த்தது என்றைக்கு? இவ்வளவுதான் அவர் எழுதியது.

அவருக்குப் பிறகு அவர் குடும்பத்தார் எழுதினார்கள். இடையில் சில ஆண்டுகள் விட்டுப்போனாலும், 1958-ம் ஆண்டு வரை அந்த வழக்கம் நீடித்தது. 200 ஆண்டுகளுக்கு மேல்!

பருவ காலம் எப்படி மாறுகிறது என்பதை ஆராயும் விஞ்ஞானிகளுக்கு அந்தக் குடும்ப நோட்டு இன்று ஒரு புதையல். எழுதியவர் விளையாட்டாக எழுதியிருக்கலாம். காலம் அதைச் சாட்சியாக்கிவிட்டது.

பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளி

தேதியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உயிரே இருக்கிறது!

ஹாலந்து நாட்டில் கறுப்பு வெள்ளை ஈபிடிப்பான் என்ற சிறிய பறவை இருக்கிறது. அது குளிர் காலத்தில் ஆப்பிரிக்காவுக்குச் சென்று வசந்தத்தில் திரும்பும். கூடு கட்டி, குஞ்சுகளுக்குக் கம்பளிப் புழுக்களை ஊட்டும்.

உலகத்தில் வெப்பம் கூடியது. அங்கே வசந்தம் முன்னதாகவே வந்தது. புழுக்களும் முன்னதாகவே பெருகின. தூர தேசத்தில் இருந்த பறவைக்கு அது எப்படித் தெரியும்? அது வந்து குஞ்சு பொரிப்பதற்குள் புழுக்கள் குறைந்துவிட்டன. பந்தி முடிந்த பிறகு வந்த விருந்தாளியின் கதைதான்!

புழுக்கள் மிகவும் முந்திவிட்ட காடுகளில், இருபது ஆண்டுகளில் இந்தப் பறவைகள் நூற்றுக்குத் தொண்ணூறு குறைந்துவிட்டன. 2006-ம் ஆண்டு விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள். ஆண்டுதோறும் தேதி குறித்து, எண்ணிப் பார்த்து வந்ததால்தான் இந்த உண்மை வெளிவந்தது.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. வலசை வரும் பறவைகளைப் பார்த்த தேதியைப் பொதுமக்களிடமிருந்து சேகரிக்கும் திட்டம் 2007-ம் ஆண்டு பெங்களூரிலிருந்து தொடங்கப்பட்டது. இப்போது செல்போனிலேயே குறிப்பு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது.

2023-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. அதற்கு ஆதாரம், சுமார் 30 ஆயிரம் பேர் அனுப்பிய 3 கோடிக் குறிப்புகள். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்ல. உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான்!

நீண்ட காலக் கணக்குப் பார்க்க முடிந்த பறவைகள் 338 வகை. அவற்றில் 204 வகை குறைந்துவிட்டன. பத்தில் ஆறு! தூர தேசத்திலிருந்து வரும் பறவைகளுக்கும் நிலைமை நன்றாக இல்லை.

"இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளக்கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். எந்த அரசாங்கமும் ஒவ்வொரு ஏரிக்கரையிலும் ஓர் ஆளை நிறுத்த முடியாது. ஏரிக்கரையில் ஏற்கெனவே இருப்பவர் நீங்கள்.

ஒருவர் கண் தவறலாம். நூறு பேர் குறிப்பு ஒத்துப்போனால் அதை நம்பலாம். "இந்த வருஷம் காணவில்லை" என்று எழுதுவதும் செய்திதான். சொல்லப்போனால், அதுதான் முக்கியமான செய்தி.

தெரிந்த ஊரே காக்கும்

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்ற கிராமம் உண்டு. அங்குள்ள வேட்டங்குடி சரணாலயத்துக்குப் பறவைகள் வருகின்றன. அவை மிரண்டுவிடக்கூடாது என்று, பல ஆண்டுகளாகவே அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குக் கூடப் பட்டாசு வெடிப்பதில்லை! பறவை எப்போது வரும், எப்போது போகும் என்று அந்த ஊருக்குத் தெரியும். தெரிந்ததால் காக்கிறது.

நீங்களும் தொடங்கலாம். செலவு ஒன்றும் இல்லை. ஒரு பழைய நோட்டு போதும். தேதி, ஊர், பறவை, எத்தனை. இந்த நான்கையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் அந்த மின்கம்பியை மறுபடியும் பாருங்கள். முதல் குருவி வந்து உட்காரும் நாளில், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தேதியை எழுதச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த நோட்டு பேசும்!