நிற்கிற கால்களுக்கு ஒரு நாற்காலி

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, அவ்வப்போது காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் - தேக ஆரோக்கியத்துக்கு டாக்டர்கள் சொல்லும் யோசனைகள் இவை. காலணா செலவில்லாத வைத்தியம்! யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால், ஜவுளிக் கடையில் நமக்குப் புடவை எடுத்துக் காட்டுகிறாளே, அந்தப் பெண்ணால் இவற்றில் ஒன்றையாவது செய்ய முடியுமா? நாம் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பச்சையை எடு அம்மா, அதற்கு மேலே இருக்கிற மாம்பழ நிறத்தையும் காட்டு" என்கிறோம். அவளோ கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறவள்.

நடக்கும்போது நம் ஆடுசதை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றாலோ ரத்தம் கீழேயே தேங்கிவிடுகிறது. பாதம் வீங்குகிறது, நாளாவட்டத்தில் ரத்தக் குழாய்கள் புடைத்து, நரம்புச் சுருட்டலில் கொண்டுபோய் விடுகிறது. அடிக்கடி கழிப்பறைக்குப் போக முடியாதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வதால் வரும் நீர்க்கடுப்பு வேறு. இவளுக்கு மருந்துச் சீட்டு எழுதி என்ன பயன்? முதலில் வேண்டியது ஒரு ஸ்டூல் அல்லவா!

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அவரவர் வலிக்கு அவரவர் தைலம் என்று இருந்துவிடாமல், 'பெண்கூட்டு' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை போட வேண்டும். வேலைக்கு நடுவே சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது.

சரி, சட்டம் நாற்காலியைப் போடச் சொல்லும். அதில் உட்காரும் தைரியத்தை யார் கொடுப்பது? "வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிப்பார்களே!" என்று சமாதானம் சொல்லும் முதலாளிகள் உண்டு. யார் அந்த வாடிக்கைக்காரர்கள்? நீங்களும் நானும்தானே, சகோதரிகளே!

ஆகவே, அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது, கூட்டமில்லாத வேளையில் விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்டூலே கண்ணில் படவில்லையா? "இந்தப் பெண் உட்கார இடம் எங்கே?" என்று கல்லாவில் இருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். பட்டுப் புடவைக்கு அரை மணி பேரம் பேசத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய காரியமா, என்ன?